தாய் வழியுமல்ல, தந்தை வழியுமல்ல

ஒரு பிள்ளை உடம்பில் பெரிய பழுப்பு மறுவோடு பிறந்தால் எங்கள் யாழ்ப்பாணத் தீவகத்து ஆச்சிமார் தாயிடம் கேட்பது கிரகணத்தைப் பற்றித்தான். வயிற்றில் பிள்ளையோடு வெளியே போனாயா, எதையாவது வெட்டினாயா, உடம்பைச் சொறிந்தாயா? அதே பிள்ளை நடக்கத் தொடங்கியபின் சும்மா தடுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டால் பேச்சு கலியாணத்துக்குத் தாவும். சொந்தத்துக்குள் செய்தீர்களா, மச்சானும் மச்சாளுமா? எந்தப் பக்கம் பார்த்தாலும் குற்றம் பெற்றவர்கள் மேல்தான். அதிலும் பெரும்பங்கு தாயின் தலையில்.

அந்த மறுவையும் அந்த முறிவையும் சேர்த்தே உண்டாக்கும் வருத்தம் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்பார்கள். தோலும் ஓமோன்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் அதற்கு மக்கியூன்-ஆல்பிரைட் நோய் என்று பெயர். அது மரபணுவில் ஏற்படும் பிழையால் வருகிறது. ஆனால் அந்தப் பிழை தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. சொந்தத்துக்குள் மணம் முடிப்பதால் கூடுகிற பரம்பரை நோய்கள் இருக்கத்தான் செய்கின்றன. இது அவற்றில் ஒன்றல்ல. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

1937 அளவில் அமெரிக்காவில் டொனொவன் மக்கியூனும் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் தனித்தனியே இதை விவரித்தார்கள். எலும்புக்குள் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு. தோலில் பால்கோப்பி நிறத்தில் மறுக்கள். சில பெண் பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று வயதிலேயே மாதவிடாய்போல இரத்தப்போக்கு. சாமத்தியப்படும் வயதுக்கு எவ்வளவோ முன்னால், மூளையிலிருந்து எந்தக் கட்டளையும் வராமலே, சூலகம் தன்பாட்டில் ஈஸ்திரஜனைச் சுரக்கிறது. அதைக் கண்ட தாயின் பயத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எலும்பு, தோல், சூலகம் ஆகிய மூன்றையும் ஒரே நோயில் கட்டிவைப்பது எது என்று ஆல்பிரைட்டின் காலத்தில் யாருக்கும் தெரியாது.

துப்பு தோலிலேயே இருந்தது. இந்த மறுக்கள் பெரும்பாலும் உடம்பின் நடுக்கோட்டில் வந்து நின்றுவிடும். முதுகின் ஒரு பக்கம் முழுதும் பழுப்பாக இருக்க, முள்ளந்தண்டைத் தாண்டி மறுபக்கம் போகாது. விளிம்பும் நேராக இருப்பதில்லை. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுக் கரைகளை வரைபடத்தில் பார்த்தால் எப்படி உள்வாங்கியும் வெளித்தள்ளியும் போகுமோ அப்படி நெளிந்து போகும். (அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் மெய்ன் மாநிலத்துக் கரையைச் சொல்வார்கள்.) ஒருவருடைய உடம்பில் ஒரு பகுதி ஒருவிதமாகவும் பக்கத்துப் பகுதி வேறுவிதமாகவும் வளர்ந்திருக்கிறது என்பதையே அந்த விளிம்பு காட்டுகிறது.

1986இல் ஜேர்மனியத் தோல் மருத்துவர் றுடோல்ஃப் ஹாப்பிள் இதிலிருந்து துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தார். பிழை முட்டையிலோ விந்திலோ இருந்தால் உடம்பின் எல்லாக் கலங்களிலும் இருக்கும், அப்படிப்பட்ட முளையம் பிழைக்காது. கருக்கட்டியபின், முளையத்தின் ஏதோ ஒரு கலத்தில் பிழை நேர்ந்தால் மட்டுமே பிள்ளை உயிரோடு பிறக்கும், சுற்றியுள்ள நல்ல கலங்கள் அதைக் காப்பாற்றுவதால். அந்த ஒரு கலத்தின் வழித்தோன்றல்கள் எங்கெங்கே போய்ச் சேர்கின்றனவோ அங்கெல்லாம் நோய். பிழை மிக ஆரம்பத்தில் நேர்ந்தால் எலும்பு, தோல், சுரப்பி எல்லாம் பாதிக்கப்படும். பிந்தி நேர்ந்தால் ஒரேயொரு விலா எலும்பு மட்டும். ஒரே முட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்து மற்றவர் சுகமாக இருப்பதற்கும் இதுதான் விளக்கம். ஹாப்பிள் இதை எழுதியபோது அந்த மரபணு எது என்று யாருக்கும் தெரியாது. தோலைப் பார்த்தே இவ்வளவு தூரம் போன அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஐந்து வருடத்தில் மரபணு அகப்பட்டது. 1991இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் லீ வைன்ஸ்டைன், அலன் ஸ்பீகல் குழுவினர் நோயாளிகளின் பாதிக்கப்பட்ட திசுக்களில் ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணுவின் பிழையைக் கண்டார்கள். இது 20ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து ஓமோன் கொண்டுவரும் செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் புரதம் ஒன்றை இது உண்டாக்குகிறது. அந்தப் புரதம் செய்தியைக் கடத்தியதும் தானாக ஓய்ந்துவிட வேண்டும். 201ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறிப்போனால் அது ஓயாது. ஓமோன் வந்தாலும் வராவிட்டாலும் கலம் செய்தி கேட்டபடியே இருக்கும். தோல் நிறமியைக் கூட்டுகிறது, சூலகம் சுரக்கிறது, எலும்புக் கலம் முதிராமலே பெருகுகிறது. ஆல்பிரைட் கண்ட மூன்று அடையாளங்களுக்கும் ஒரே காரணம்.

இந்த நோய் ஒரு இலட்சம் பேரில் ஒருவர் முதல் பத்து இலட்சம் பேரில் ஒருவர் வரைக்கும் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் வாழும் யாழ்ப்பாண மாவட்டத்தில் அப்படியானால் ஓரிருவர், கூடினால் ஐந்தாறு பேர். ஒரு வைத்தியர் தன் வாழ்நாளில் ஒரேயொரு நோயாளியைப் பார்த்து எந்த முடிவுக்கு வரமுடியும்? அதனால்தான் 1998 முதல் அதே அமெரிக்க நிறுவனத்தில் மைக்கேல் கொலின்ஸ் குழுவினர் நோயாளிகளை ஓரிடத்துக்கு வரவழைத்து, வருடக்கணக்காகத் தொடர்ந்து படித்துவருகிறார்கள். அவர்கள் கண்டது இது: மண்டையோட்டில் வரவிருக்கும் பாதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு மூன்றரை வயதுக்குள் வந்துவிடுகிறது. உடம்பு முழுதும் எடுத்தால் 15 வயதுக்குள். அதற்குப்பிறகு புதிய எலும்புகளுக்குப் பரவுவது அரிது. பதினைந்து வயதுப் பிள்ளையின் தாய்க்கு இது எவ்வளவு பெரிய செய்தி! இன்னொன்றும் தெரியவந்தது. நோயுற்ற எலும்பு எஃப்ஜிஎஃப்23 என்ற ஓமோனைச் சுரக்கிறது, அதனால் பொஸ்பேற் சிறுநீரில் வீணாகிறது, நல்ல எலும்பும் மெலிகிறது. இதைக் கண்டுபிடித்தால் மருந்து உண்டு.

எல்லாவற்றிலும் என்னை வியக்கவைத்தது 1998இல் வெளியான ஒரு பரிசோதனை. பாவுலோ பியான்கோவும் பமெலா றோபியும் நோயாளிகளின் எலும்பிலிருந்து மூலக்கலங்களை எடுத்து, பிழையுள்ளவற்றையும் நல்லவற்றையும் பிரித்தார்கள். நோயெதிர்ப்பு இல்லாத எலிகளின் தோலுக்கடியில் அவற்றை வைத்தார்கள். நல்ல கலங்களை மட்டும் வைத்த இடத்தில் சின்னதாக ஒழுங்கான எலும்பு, உள்ளே மச்சையோடு, வளர்ந்தது. பிழையுள்ளவற்றை மட்டும் வைத்த இடத்தில் எதுவுமே வளரவில்லை, கலங்களே மறைந்துபோயின. இரண்டையும் கலந்து வைத்த இடத்தில்தான் நோயாளியின் எலும்பில் கண்ட அதே நாரும் ஒழுங்கற்ற எலும்பும் தோன்றின. ஆக, இந்த நோய் உண்டாக நல்ல கலங்களும் வேண்டும். முளையத்தைப் பற்றி ஹாப்பிள் சொன்னது எலும்புக்கும் பொருந்திவிட்டது. பத்து வருடம் கழித்து, 2008இல், அதே ஆய்வுகூடம் இன்னொன்றைக் காட்டியது: வயது போகப்போகப் பிழையுள்ள மூலக்கலங்கள் செத்துக் குறைகின்றன, வயதான நோயாளிகள் சிலரின் எலும்பு ஓரளவு சீராகிறது.

இன்றைய மனிதருக்கு மட்டும் உரிய துன்பமும் அல்ல இது. குரொவேசியாவின் கிராபினாவில் கிடைத்த, 1,20,000 வருடங்களுக்கு மேல் பழைமையான நியண்டர்தால் விலா எலும்பு ஒன்றில் இதே நோயை 2013இல் அடையாளம் கண்டார்கள்.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி. வளைந்த தொடையெலும்புள்ள பிள்ளையோடு அந்தப் பயணம் போகும் பெற்றோர் சிலவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எக்ஸ்ரேயில் நோயுற்ற இடம் தேய்த்த கண்ணாடிபோல மங்கலாகத் தெரியும். பொஸ்பேற், தைரொயிட் அளவுகளை இரத்தத்தில் பார்க்க வேண்டும். இரத்தத்தில் மரபணுப் பிழை தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகாது, இரத்தக் கலங்களில் அந்தப் பிழை இல்லாமலும் இருக்கலாம். நார்த்திசுவைச் சுரண்டி எடுத்து வேறு எலும்பு வைத்து நிரப்பினால் அது பெரும்பாலும் கரைந்துவிடும். கால் எலும்புக்கு உள்ளே உலோகக் கம்பி வைப்பதே பலன்தரும். அமெரிக்க நிறுவனத்தில் எட்டு பெரியவர்களுக்கு டெனோசுமாப் மருந்து கொடுத்துப் பார்த்ததில் நோயின் வேகம் நன்றாகக் குறைந்தது, மருந்தை நிறுத்தியதும் திரும்பவும் ஏறியது. அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

நோயாளி தன் பிள்ளைக்கு இதைக் கொடுத்ததாக எங்கும் பதிவில்லை. கூடப்பிறந்தவர்களுக்கும் மற்ற எவரையும்விடக் கூடுதல் ஆபத்து கிடையாது. பிள்ளையின் கிளினிக் கொப்பியில் இதை எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு அக்காவுக்கோ தங்கைக்கோ சம்பந்தம் பேச வருபவர்கள் கேட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டலாம்.