சேலம் ஜில்லாவில் ஒரு பூட்டியைத் தேடுவது எப்படி?

தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலேயே வாழ்ந்து முடித்த பூட்டியைவிட, கப்பலேறிப் போன பூட்டியைக் கண்டுபிடிப்பது எளிது. ஊரில் இருந்தவளுக்குப் பட்டா கிடையாது; நிலம் புருஷன் பெயரிலிருந்து மகன் பெயருக்குப் போயிருக்கும். இந்த மாவட்டத்து நடுகற்கள்கூடப் பெரும்பாலும் மாடு மீட்டுச் செத்த ஆண்களைத்தான் பேசுகின்றன.

கப்பலேறியவளை வெள்ளைக்காரன் விடவில்லை. எண் போட்டு எழுதினான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அது தொடங்கி 1911 வரை, டர்பன் இருந்த நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு என்று அந்தப் பட்டியல்கள் போகின்றன. தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல்தான் என்பதால் ஜில்லா என்ற இடத்தில் 'சேலம்' என்றே தேட வேண்டும். முனியம்மாக்கள் ஏராளம்; ஊர்ப் பெயரோ எழுத்தர் காதில் விழுந்தபடி இருக்கும். தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்தினால்தான் ஆள் பிடிபடுவாள்.

அப்படி ஆயிரக்கணக்கில் ஏன் போனார்கள்? 1876–78 பஞ்சம் ஒரு பதில். 1871இல் சுமார் 19.7 லட்சமாக இருந்த சேலம் ஜில்லா மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகச் சுருங்கியது.

காகிதம் கைவிட்டால் டிஎன்ஏ. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கடத்துவாள். மகனோடு அது நின்றுவிடும். அது காட்டும் கிளையோ பல்லாயிரம் ஆண்டுப் பழசு, கிராமத்தைச் சொல்லாது. மற்ற டிஎன்ஏவில் பூட்டியின் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று, அவள் தாயின் பங்கு பதினாறில் ஒன்று. இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே நிற்கிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் ஒரே மூதாதை இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்கிறாள். பரிசோதனை நிறுவனம் 'மூன்றாம் நிலை உறவு' (third cousin) என்று காட்டுபவர் உண்மையில் ஆறாம் நிலை உறவாக இருக்கலாம். அந்த நிறுவனங்களின் கணக்கு பெரும்பாலும் அகமணம் அதிகமில்லாத ஐரோப்பிய வம்சங்களை நினைத்துப் போட்டது.

ஆகவே எச்சில் மாதிரி கொடுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார வேண்டும். குலதெய்வம் எது என்று கேட்டால் ஆண்வழிதான் கிடைக்கும். கல்யாணத்தோடு பூட்டியின் தெய்வமும் மாறிவிட்டது. தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது, பாட்டிக்கு யார் சீர் கொண்டு வந்தார்கள், அவள் அம்மாவுக்கு எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே போனால் பிறந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். கப்பல் பட்டியலில் தேட வேண்டிய கிராமப் பெயர் அங்கிருந்துதான் வரும்.