மலேரியா தடுப்பூசி: எதிர்பார்ப்பும் எல்லையும்

மலேரியாவுக்கு எதிரான இரண்டு தடுப்பூசிகள், ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் அதிகமான நாடுகளில் சிறார்களுக்கான தடுப்பூசித் திட்டங்களில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆயினும், இவற்றால் மட்டும் மலேரியாவைக் கட்டுப்படுத்திவிட முடியாது என்பதே நிபுணர்களின் கருத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டில் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் உயிரிழந்தனர். அவர்களில் 95 சதவீதத்தினர் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தைச் சேர்ந்தவர்கள். அங்கு இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

தாமதம் ஏன்?

ஆர்டிஎஸ்,எஸ் எனப்படும் முதல் தடுப்பூசிக்கான பணி 1980களில் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரந்த அளவில் பயன்படுத்தப் பரிந்துரைத்ததோ 2021 அக்டோபரில்தான்.

மலேரியாவை உண்டாக்குவது வைரஸோ பாக்டீரியாவோ அல்ல; சிக்கலான வாழ்க்கைச் சுழற்சி கொண்ட ஓர் ஒட்டுண்ணி. கொசு கடித்த சிறிது நேரத்திலேயே அது கல்லீரலை அடைந்துவிடுகிறது. அதற்குள் அதைத் தடுப்பதே இத்தடுப்பூசிகளின் நோக்கம். தப்பிச் சென்ற ஒரே ஓர் ஒட்டுண்ணி கூட கல்லீரலில் ஆயிரக்கணக்கில் பெருகி இரத்தத்தில் கலந்துவிடும்.

பலன் என்ன?

நான்கு தவணைகளும் பெற்ற சிறார்களிடையே, நான்கு ஆண்டுகளில் பத்தில் சுமார் நான்கு மலேரியா பாதிப்புகளை ஆர்டிஎஸ்,எஸ் தடுத்தது. நாளடைவில் பாதுகாப்பு குறைவதால் நான்காவது தவணை முக்கியமானது.

இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் 2019 முதல் கானா, கென்யா, மலாவி ஆகிய நாடுகளில் நடத்தப்பட்ட முன்னோடித் திட்டத்தில், தடுப்பூசி பெறும் வயதிலிருந்த குழந்தைகளின் ஒட்டுமொத்த மரணங்கள் 13 சதவீதம் குறைந்தன.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆர்21 என்ற இரண்டாவது தடுப்பூசி 2023இல் பரிந்துரைக்கப்பட்டது. இதைப் புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரிப்பதால், முன்பிருந்த தடுப்பூசித் தட்டுப்பாடு பெருமளவு நீங்கியது.

எனினும் இவ்விரண்டும் பால்சிபாரம் வகை ஒட்டுண்ணியையே குறிவைக்கின்றன. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் பரவலாகக் காணப்படும் வைவாக்ஸ் வகைக்கு எதிராக இதுவரை பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசி ஏதுமில்லை.

இலங்கை தரும் பாடம்

தடுப்பூசி இன்றியே மலேரியாவை ஒழித்த நாடு இலங்கை. ஆனால் அதற்கு முன் அந்நாடு ஒரு பெரும் பின்னடைவைச் சந்தித்தது. 1963இல் அங்கு பதிவானவை 17 பாதிப்புகள் மட்டுமே. கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் தளர்த்தப்பட்ட பின், 1968-69 காலகட்டத்தில் ஐந்து லட்சத்திற்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். கொசு ஒழிப்பு, உடனடி இரத்தப் பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றை விடாது தொடர்ந்த பிறகே, 2016இல் மலேரியா அற்ற நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டது.

தடுப்பூசி வந்துவிட்டது என்பதற்காகக் கொசுவலைகளுக்கும் மருந்துகளுக்குமான நிதியைக் குறைத்தால், ஆப்பிரிக்காவிலும் அதே பின்னடைவு நேரக்கூடும்.