திரும்பும் வழியை முதலில் அளந்துகொள்வோம்

மலைப்பயணத்தில் பொதுவாக ஏற்றம் முதலில் வரும். இறக்கம் பிறகு வரும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் இது தலைகீழ். கொலராடோ ஆறு அரித்து உருவாக்கிய இப்பள்ளத்தாக்கு ஏறத்தாழ 446 கிலோமீட்டர் நீளமும் 1.6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. இங்கு நடப்பவர் தெம்பாக இருக்கும்போது இறங்குகிறார்; களைத்த பிறகே ஏறுகிறார்.

தெற்கு விளிம்பில் தொடங்கும் பிரைட் ஏஞ்சல் பாதை, செம்பாறைச் சுவர்களினூடே வளைந்து வளைந்து கீழிறங்குகிறது. முதல் ஓய்வுக்குடில் 2.4 கிலோமீட்டரிலும், அடுத்தது 4.8 கிலோமீட்டரிலும் உள்ளன. இறங்க ஆகும் நேரத்தைப்போல் இருமடங்கு, ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும். ஒரே நாளில் ஆற்றங்கரை வரை சென்று மீள முயல வேண்டாம் என்றும், கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்க வேண்டாம் என்றும் பூங்கா நிர்வாகம் அறிவுறுத்துகிறது. கீழே செல்லச் செல்ல வெப்பம் கூடுவதே காரணம்.

வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. உணவின்றி வெறும் தண்ணீரையே மிகுதியாகப் பருகினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டல், தலைவலி, மனக்குழப்பம் தோன்றலாம். ஆதலால் தண்ணீருடன் உப்புள்ள சிற்றுண்டியும் தேவை. ஆயினும் இதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் தொடர்பான சிகிச்சை பெறுவோர், தண்ணீர், உப்பு இரண்டின் அளவையும் தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். தெற்கு விளிம்பே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நுரையீரல் நோயுள்ளோரும் முன்னதாக ஆலோசனை பெறுவது நலம்.

இறங்க இயலாதவர்களுக்கும் இங்கு ஒரு நடைப்பயணம் உண்டு. 2010இல் திறக்கப்பட்ட ‘காலப் பாதை’ விளிம்பை ஒட்டியே செல்கிறது. தளமிட்ட பாதையாதலால் சக்கர நாற்காலியிலும் செல்லலாம். அதில் ஒவ்வொரு மீட்டரும் பத்து இலட்சம் ஆண்டுகளைக் குறிக்கும். பள்ளத்தாக்கின் பாறைகள் வழியோரம் வைக்கப்பட்டுள்ளன. கையால் தொட்டுப் பார்க்கலாம். மிகப் பழைய பாறையின் வயது 184 கோடி ஆண்டுகள்!

உடன் செல்லும் உறவினர்கள் ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள். நடந்துகொண்டே இயல்பாகப் பேச முடிந்தால் அந்த வேகம் சரியானது. பேச்சினிடையே மூச்சு வாங்கினால் நிழலில் அமருங்கள். எந்த இடத்தில் திரும்புவது என்பதை, குழுவில் மிகவும் வலுக்குறைந்தவரின் நிலையறிந்து, புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். முதல் ஓய்வுக்குடிலோடு திரும்பினாலும் அது நிறைவான பயணமே.