சீன வாக்கியமும் சிறு சொற்களும்



கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் சீன தேசத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டில் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து செல்வதென்றும், 270,000 தொன் அரிசி அங்கிருந்து வருவதென்றும் முடிவாயிற்று. நம் மலைச்சரிவுகளில் விடியற்காலையில் வெட்டிய பால் கடல் கடந்து சென்றது. சீனத்து வயலில் விளைந்த நெல் நம் நாட்டு உலைகளில் சோறாயிற்று. பண்டங்கள் கைமாறினவேயன்றி மொழி கைமாறவில்லை. இன்று தோட்டப்புற இளைஞர் சிலர் அம்மொழியைக் கற்க முன்வருகின்றனர். அவர்கள் முதல் மாதத்திலேயே இடறி விழும் இடம் எது என்பதைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகின்றேன்.

இடறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. முன்பு கற்ற மொழியின் பழக்கமே. சப்பரகமுவாவில் வளரும் தமிழ்ப் பிள்ளை கடைத்தெருவிலும் பஸ் வண்டியிலும் சிங்களத்தைக் காதால் கேட்டே கற்றுக்கொள்கின்றது. ‘நான் உனக்குப் பணம் தந்தேன்’ என்பதைச் சிங்களத்தில் ‘மம ஒயாட்ட சல்லி துன்னா’ என்பர். சொல்லுக்குச் சொல் அதே வரிசை! நம்முடைய ‘கு’ உருபு நிற்கும் இடத்தில் அவர்களுடைய ‘ட்ட’ நிற்கின்றது. ஆகவே, எம்மொழியானாலும் சொல்லை மாற்றினால் போதும், வாக்கியம் தானே அமைந்துவிடும் என்றொரு நம்பிக்கை பிள்ளையின் மனத்தில் வேரூன்றிவிடுகின்றது. சீனம் அந்த நம்பிக்கையை அசைத்துவிடும்.

அதே வாக்கியத்தைச் சீனத்தில் நிகழ்காலப் பொருளில் சொல்வோம். ‘வோ’ என்றால் நான். ‘கெய்’ என்றால் கொடுத்தல். ‘ச்சியென்’ என்றால் பணம். நீ என்பதற்குச் சீனத்திலும் ‘நீ’ என்றே சொல்! அன்றியும், மரியாதைக்குரியோரை ‘நின்’ என்பர். இதைக் கேட்டுத் தமிழுக்கும் சீனத்துக்கும் உறவுமுறை தேடப் புறப்பட வேண்டா. இது தற்செயலான ஒலியொற்றுமையே. ‘வோ கெய் நீ ச்சியென்’ என்றால் ‘நான் உனக்குப் பணம் கொடுக்கிறேன்’ என்பது பொருள். ‘நீ கெய் வோ ச்சியென்’ என்றால் ‘நீ எனக்குப் பணம் கொடுக்கிறாய்’. எந்தச் சொல்லும் உருமாறவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு சொற்கள் இடம் மாறின, கொடுப்பவர் வாங்குபவராகிவிட்டார்.

தமிழில் ‘பணம் உனக்கு நான் தந்தேன்’ என்றாலும் ‘உனக்கு நான் பணம் தந்தேன்’ என்றாலும் கணக்குப் பிழைப்பதில்லை. ‘உனக்கு’ என்பதிலுள்ள உருபும், ‘தந்தேன்’ என்பதன் விகுதியும் யார் யாருக்குத் தந்தார் என்பதைக் காவல் காக்கின்றன. சீனத்தில் அத்தகைய காவலர் இல்லை. சொல் நிற்கும் இடமே வேற்றுமை உருபு. நம் பழக்கப்படி வினையைக் கடைசியில் வைத்து ‘வோ நீ ச்சியென் கெய்’ என்றால், கேட்கும் சீனர் நான்கு சொற்களைக் கேட்பார், வாக்கியத்தைக் கேட்கமாட்டார். இரத்தினபுரிச் சந்தையில் மாணிக்கக் கல்லுக்கு விலை பேசுகின்றவர் இதில் தவறினால் நட்டம் சிறிதாயிராது.

இனி, சிறு சொற்கள். கேள்விக்கு ‘மா’ என்னும் சொல்லை வாக்கியத்தின் இறுதியில் சேர்ப்பர். ‘நீ ஹெ ச்சா’ என்றால் நீ தேநீர் குடிக்கிறாய்; ‘நீ ஹெ ச்சா மா’ என்றால் குடிக்கிறாயா என்னும் வினா. (‘ச்சா’ என்பது நமக்கு அந்நியமான சொல்லன்று. நம் ‘சாயா’ அதன் வழிவந்ததே. ‘தேயிலை’யிலுள்ள ‘தே’ சீனத்தின் தென்கிழக்குக் கரையோரப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்தது.) நம்முடைய ஆகார வினாவைப் போன்றதே இந்த ‘மா’, ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நாம் ‘நீயா குடித்தாய்?’, ‘தேநீரா குடித்தாய்?’ என்று அந்த ஆகாரத்தை வேண்டிய சொல்லோடு ஒட்டுகின்றோம். சிங்களத்தின் ‘த’ என்னும் வினாச்சொல்லும் அவ்வாறே இடம் பெயரும். சீனத்து ‘மா’ இடம் பெயராது. வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கும்.

‘த’ என்று ஏறக்குறைய ஒலிக்கும் வேறொரு சொல் சீனத்தில் உண்டு. ‘வோ ஹெ த ச்சா’ என்றால் ‘நான் குடிக்கும் தேநீர்’. ஆங்கிலம் கற்றபோது ‘தேநீர்’ என்பதை முன்னே வைத்து, ‘நான் குடிக்கும்’ என்பதைப் பின்னே தள்ளப் பட்ட பாடு நினைவிருக்கலாம். இங்கே அந்தப் பாடு இல்லை. நம் பெயரெச்சத்தைப் போலவே விளக்கம் முன்னும் பெயர் பின்னும் வருகின்றன. தமிழ் மாணவர் ஆங்கில நூலின் வழியாகச் சீனம் கற்கும்போது இந்த எளிமையை இழந்துவிடுகின்றனர் என்பது என் கருத்து.

அவ்வழி வந்த மற்றொரு மயக்கம் ‘லெ’ என்னும் சொல்லைப் பற்றியது. அது இறந்தகாலம் காட்டும் என்று மாணவர் பலர் எழுதி வைத்துக்கொள்கின்றனர். நானும் அவ்வாறே எழுதி வைத்திருந்தேன். பின்னர் ஒருநாள், ‘நாளை நான் தேநீர் குடித்துவிட்டுப் போவேன்’ என்னும் பொருளில் ‘மிங்த்தியென் வோ ஹெ லெ ச்சா ஜியூ ச்சூ’ என்றொரு வாக்கியத்தைக் கண்டு திகைத்தேன். நாளைக்கு ஏது இறந்தகாலம்? விடை தமிழிலேயே இருந்தது. ‘குடித்துவிட்டு’ என்பதிலுள்ள ‘விட்டு’ காலத்தையா காட்டுகின்றது? ஒரு செயல் முடிவு பெறுவதை அன்றோ காட்டுகின்றது! வினையை அடுத்து நிற்கும் ‘லெ’யும் அதையே செய்கின்றது. வாக்கியத்தின் இறுதியில் வரும்போது, முன்பிருந்த நிலை மாறிவிட்டதை அறிவிக்கும். அங்கும் நம் ‘விட்டது’ பெரும்பாலும் பொருந்தும்.

இறப்பர்த் தோட்டத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு நடவாது. ஆகையால் விடியுமுன் விழிக்கும் தொழிலாளி முதலில் வானத்தைப் பார்க்கின்றார். தூறல் விழத் தொடங்கினால் ‘சியா யூ லெ’, மழை வந்துவிட்டது. அது ஓய்ந்தால் ‘யூ திங் லெ’, மழை நின்றுவிட்டது.