கண்ணாடிப் போத்தலும் திறந்த கதவும்

மருத்துவ மாணவர் பயில்வதற்கென்று போத்தல்களிற் பாதுகாக்கப்படும் மனித உறுப்புக்களைப் பொதுமக்களும் காணலாமா? சனங்கள் அஞ்சிவிடுவார்கள் என்பார் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. புகையிலையாற் புற்று வைத்த தாடையொன்றைக் கண்ணாற் கண்டவனுக்குப் பிரசங்கம் எதற்கு? புகையிலை விளைத்தும் சுருட்டுச் சுற்றியும் பேர்பெற்ற நம் யாழ்ப்பாணத்துக்கு இதனினும் பயனுள்ள காட்சி வேறில்லை.

ஆயினும் கதவைத் திறப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இலண்டனிலுள்ள ஹண்டேரியன் நூதனசாலையின் கதை அதனைக் காட்டும். சத்திரவைத்தியர் ஜோன் ஹண்டர் திரட்டிய சேகரத்தை, அவர் இறந்தபின் 1799இல் அரசாங்கம் வாங்கிச் சத்திரவைத்தியர் சங்கத்திடம் ஒப்புவித்தது. துறைசார்ந்தோர்க்கென அமைந்த அதனை இன்று எவரும் கட்டணமின்றிக் காணலாம். அங்கே நெடுங்காலம் நின்றது சார்ள்ஸ் பேர்ன் என்னும் அயர்லாந்து இளைஞனின் எலும்புக்கூடு. ஏழரை அடி உயரம்! 1783இல் 22 வயதில் இறந்த அவன், தன் உடல் ஹண்டர் கையிற் சிக்குமென அஞ்சி, ஈயப்பெட்டியில் இட்டுக் கடலில் அடக்கும்படி நண்பரை வேண்டினான் என்பர். உடலோ ஹண்டரிடமே சேர்ந்தது. 1909இல் அம்மண்டையோட்டை ஆராய்ந்த ஹார்வி குஷிங், மூளையடியிலுள்ள கபச் சுரப்பியின் நோயே அவ்வுயரத்துக்குக் காரணமெனக் கண்டார். அறிவு வளர்ந்தது மெய்யே. எனினும் 2017இல் மூடிய நூதனசாலை 2023இல் மீண்டும் திறந்தபோது, அவ்வெலும்புக்கூடு காட்சியில் இல்லை. ஆராய்ச்சிக்கு மட்டும் வைக்கப்பட்டுள்ளது.

யாழ்ப்பாணத்தில் 1978இல் மருத்துவ பீடம் தோன்றியது. இத்தகைய காட்சி இங்கு அமையுமாயின், உடலளித்தவரின் சம்மதத்தை முதலில் நோக்கவேண்டும். மாணவர் கற்கத் தம் உடலை எழுதிக் கொடுத்தவர், ஊரார் வந்து பார்ப்பதற்கும் உடன்பட்டார் எனக் கொள்ளலாகாது. பத்திரத்தில் அதனைத் தனியே கேட்டுவிட்டால் எவ்வளவு எளிது! யாருடையதென்று அறியாத உறுப்புக்களுக்குப் பதிலாக மெழுகுருவை வைக்கலாம்.

அடுத்தது மொழி. போத்தலில் ஒட்டிய இலத்தீன் பெயர் பாமரனுக்கு ஒன்றும் சொல்லாது. இதற்காக நாம் கடல் கடக்கவேண்டியதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூல் 1872இல் வெளிவந்தது. அச்சொற்களிற் பல இன்று வழக்கிழந்துவிட்டன, அதனாலென்ன? முதற்பேழையில் உறுப்பெதுவும் வேண்டாம். அந்நூலை விரித்து வைத்து, பக்கத்தில் இன்றைய சொற்களையும் எழுதிவிடலாம்.