இடிமழை பெய்து ஒன்பதாம் நாள்

சாலையோர மழைமரத்தின் கிளைகளில் பச்சைக் குச்சிகள்போல் ஒட்டிக்கிடக்கும் செடியைப் பார்த்திருப்பீர்கள். மாதக்கணக்கில் சும்மா இருக்கும். திடீரென ஒரு நாள் காலையில் குச்சி முழுக்க வெள்ளைப் பூ, நல்ல மணம். வட்டாரத்தில் உள்ள எல்லாச் செடிகளும் அன்றே பூக்கும், இருட்டுவதற்குள் வாடிவிடும். இதுதான் புறா ஆர்க்கிட்.

இவற்றுக்கு யார் தேதி சொன்னது? சுமார் ஒன்பது நாளுக்கு முன் பெய்த இடிமழைதான். இதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் உறங்கிவிடும். பலத்த மழையால் வெப்பநிலை சட்டென ஐந்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் விழித்துக்கொள்ளும். அவற்றை எழுப்புவது ஈரமன்று, குளிர்ச்சி. ஒரே நாள் வாழும் பூ தனியாகப் பூத்தால், தேனீ வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவர வழியில்லை. அதனால்தான் எல்லாம் ஒன்றாகப் பூக்கின்றன.

குளிர்நாடுகளில் பல செடிகள் பகல் நீள்வதையும் குறைவதையும் வைத்துப் பருவத்தை அறிகின்றன. சிங்கப்பூரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் பத்து நிமிடம்கூட இருக்காது. இங்கே வறட்சியும் குளிர்ச்சியும்தான் பெரும்பாலும் அடையாளம். பருவம் தவறிப் பூத்துவிட்டதே என்கிறோம். நாம் நாள்காட்டியைப் பார்க்கிறோம், செடி வானத்தைப் பார்க்கிறது.

மலேசியாவில் தெக்கோமா என்று அழைக்கப்படும் இளஞ்சிவப்பு மரமும் அப்படித்தான். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. சில வாரம் வறண்டு, பிறகு மழை பெய்தால் பூத்துக் குலுங்கும். வழக்கமாக ஏப்ரல் அல்லது ஆகஸ்ட் வாக்கில். வறட்சி வேறு மாதத்தில் வந்தால் பூவும் அப்போதே.

உங்கள் வீட்டுக் காகிதப்பூவுக்கு வருவோம். வாங்கியபோது பூவாக இருந்தது, இப்போது வெறும் இலை என்று குறைப்படுகிறீர்களா? தினமும் தண்ணீர் ஊற்றுவது காரணமாக இருக்கலாம். பராமரிப்பு கூடிப்போனால் பூக்காத செடி இது! மேம்பாலத்தின் ஓரம், சின்னத் தொட்டியில், கொளுத்தும் வெயிலில் அது எப்படிப் பூக்கிறது என்று பாருங்கள். நல்ல வெயிலில் வைத்து, இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், பிறகு ஊற்றுங்கள். சில முறை இப்படிச் செய்தால் மொட்டு வரலாம். தழைச்சத்து மிகுந்த உரம் வேண்டாம், அது இலையைத்தான் கூட்டும். காசித்தும்பையிடம் மட்டும் இந்த வேலையைக் காட்டாதீர்கள், சாய்ந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வேர் வெட்டுப்பட்ட மரமோ நோயுற்ற மரமோ சில சமயம் அளவுக்கு மீறிப் பூப்பதுண்டு. பூவோடு நுனிக்கிளைகளும் காய்ந்து வந்தால் வேர்ப்பகுதியைப் பாருங்கள். அண்மையில் அங்கே சிமெண்டு போட்டீர்களா, கால்வாய் தோண்டினீர்களா?

அடுத்த இடிமழையன்று தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் நாள் காலையிலேயே கீழே இறங்கிப் பாருங்கள். வேலை முடிந்து போனால் பூ இருக்காது.