நாட்காட்டிச் செருகுநிரல்

நாட்காட்டிச் செருகுநிரல் என்பது ஒரு வலைத்தளத்தின் இடுகைகளை அல்லது நிகழ்வுகளை மாத நாட்காட்டி வடிவில் காட்டும் துணை மென்பொருள் ஆகும். நிகழ்வு உள்ள தேதியைச் சொடுக்கினால் அந்நாளுக்குரிய பக்கம் திறக்கும். நிகழ்வற்ற தேதிகளுக்கும் இணைப்புத் தரலாமா என்பது இதன் வடிவமைப்பில் எழும் முக்கியமான கேள்வியாகும்.

வெற்றுப் பக்கங்களின் சிக்கல்

நாட்காட்டிப் பக்கங்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்படுவதில்லை. முகவரியில் உள்ள தேதியைக் கொண்டு வழங்கி அவற்றை அவ்வப்போது உருவாக்குகிறது. எனவே "அடுத்த மாதம்" என்ற இணைப்பு எல்லா மாதங்களிலும் இருந்தால், கி.பி. 3000 வரையிலும் வெற்றுப் பக்கங்கள் உருவாகும். மனிதர்கள் சில சொடுக்குகளில் நிறுத்திவிடுவர். தேடுபொறித் தானியங்கிகள் தொடர்ந்து செல்லக்கூடும். இதனால் வழங்கியின் வேலைச்சுமை கூடுகிறது. பயனுள்ள பக்கங்களைத் தானியங்கி அடைவதும் தாமதமாகிறது. கூகிள் நிறுவனம் 2008இல் இச்சிக்கலை விளக்கியபோது நாட்காட்டியையே எடுத்துக்காட்டாகக் காட்டியது.

கையாளும் முறைகள்

* இணைப்பைத் தவிர்த்தல்: வேர்ட்பிரசில் உள்ளமைந்த நாட்காட்டி, இடுகை வெளியான தேதிகளுக்கு மட்டுமே இணைப்புத் தருகிறது. முந்தைய, அடுத்த மாத இணைப்புகளும் வெற்று மாதங்களைத் தாண்டிச் செல்கின்றன. இடுகையற்ற தேதியின் முகவரியை நேரடியாக உள்ளிட்டால் 404 பிழை கிடைக்கும்.
* அட்டவணைப்படுத்தலைத் தடுத்தல்: "நிகழ்வு இல்லை" என்ற செய்தியுடன் பக்கம் திறக்கும், தேடுபொறி அதைத் தன் அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்ற குறிப்பு பக்கத்தின் நிரலில் இருக்கும்.
* தானியங்கியை விலக்குதல்: 1994இல் முன்மொழியப்பட்டு 2022இல் இணையச் செந்தரமாக வெளியான தானியங்கி விலக்கு நெறிமுறை மூலம் நாட்காட்டி முகவரிகளை மூடலாம். ஆனால் மூடிய பக்கத்தைத் தானியங்கி படிக்காது என்பதால், அதிலுள்ள அட்டவணைத் தடைக் குறிப்பையும் அது அறியாது. ஆகவே இவ்விரண்டையும் ஒரே பக்கத்துக்குப் பயன்படுத்துவது பயன் தராது.

எடுத்துக்காட்டு

கூத்தாநல்லூர் போன்ற காவிரிப் படுகை ஊர் ஒன்றின் உழவர்களுக்கான தளத்தைக் கொள்வோம். மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12இல் திறக்கப்பட்டு சனவரி 28இல் மூடப்படும். இவ்விரு நிகழ்வுகள் மட்டும் பதியப்பட்டால், ஆண்டின் பத்து மாதங்கள் வெறுமையாக இருக்கும். வெற்று மாதங்களைத் தாண்டும் நாட்காட்டியில், சனவரியிலிருந்து ஒரே சொடுக்கில் சூனை அடையலாம்.

ஆயினும் தேதி மாறுவதுண்டு. 2024இல் அணை சூலை 28இல்தான் திறக்கப்பட்டது. அவ்வாண்டின் சூன் 12ஐத் தேடி வருபவருக்கு வெறும் 404 பிழையால் பயனில்லை. அப்பக்கத்திலேயே அடுத்த நிகழ்வின் தேதியையும் அதற்கான இணைப்பையும் காட்டும் செருகுநிரலே அவருக்கு உதவும். மேலும், வெறுமையான நாள் "நிகழ்வு இல்லை" என்பதைக் குறிக்கிறதா, "இன்னும் பதியப்படவில்லை" என்பதைக் குறிக்கிறதா என்பதைப் பக்கம் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.